கடல் வரும்வரை இருந்த அக்கா

கோல்ஃப் மைதானத்தின் வெள்ளை மரவேலி முடிகிற இடத்தில் அக்கா நின்று, ஒற்றைக்காலில் தள்ளாடியபடி சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். கடல்தண்ணீரும் சேறும் ஒரு சின்ன நத்தையும் விழுந்தன. நத்தையைக் குனிந்து பார்த்து, "நீ ஏன் மோனை என்னோடை வந்தனி?" என்று கேட்டார். பிறகு மற்றச் சப்பாத்தையும் கவிழ்த்து, ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு நடந்தார்.

சேலை இடுப்புவரை நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது. மேலே ஆஸ்பத்திரியில் வேலைக்காரருக்குக் கொடுக்கிற நீலச் சட்டை. என் தோளில் என்னுடைய பை, கையில் அவருடைய சாப்பாட்டுப் பை. நெடுஞ்சாலைச் சந்தியிலுள்ள பெற்றோல் செட்டில்தான் மொன்றியல் பஸ் நிற்கும். அதுவரை நிழல் இல்லை. எங்களைத் தாண்டிய கார்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

"பாக்கட்டும்," என்றார் அக்கா. "காசு குடுத்து ஊர் பாக்க வந்த சனம். எங்களையும் பாத்திட்டுப் போகட்டும்."

எனக்கு அன்று வேலை போயிருந்தது. படுக்க இடமும் போயிருந்தது, இரண்டையும் ஒரே ஹோட்டல்தான் தந்திருந்தது. அது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எத்தனையோ குசினிகளில் கோப்பை கழுவியிருக்கிறேன், எத்தனையோ வாசல்களால் பையோடு வெளியே வந்திருக்கிறேன். ஆனால் எல்லா முறையும் தனியாகத்தான் நடந்தேன். இந்த முறை எனக்கு முன்னால் ஒருவர் சப்பாத்து சளக் சளக் என்று சத்தம்போட, கலியாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்போல நடந்துகொண்டிருந்தார்.

அக்கா என் சொந்த அக்கா இல்லை. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நான் இருந்த நிலக்கீழ் அறைக்கு மேலே, மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர். பக்கத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கட்டடத்தில் இருந்த தமிழர்கள் அவரைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் சொல்வார்கள். "இருந்திடுவா." அது என்னவென்று எனக்கு முதல் பனிக்காலம் வரும்வரை விளங்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்குகிற இயந்திரம் நின்றுபோனது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவன், அடுத்த கிழமை ஆள் வரும் என்றான். சிலர் தொலைபேசியில் கத்தினார்கள். சிலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அக்கா குளிரங்கியைப் போட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அவனுடைய கந்தோருக்குப் போய்க் கதிரையில் இருந்தார். என்ன வேண்டும் என்று அவன் கேட்டான். அக்காவுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது மூன்று சொல். போன்ஜூர், மெர்சி, ஜாத்தாந். மூன்றாவதற்கு, காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதைத்தான் சொன்னார். எதற்குக் காத்திருக்கிறாய் என்று அவன் கேட்டபோது, கூடப் போன என்னைக் கொண்டு சொல்வித்தார்: "அடுத்த கிழமைக்கு."

அன்று பின்னேரமே ஆள் வந்து திருத்திவிட்டுப் போனான்.

"நிண்டால் தள்ளிப்போடுவாங்கள் தம்பி," என்று படியேறும்போது சொன்னார். "இருந்தால் தூக்கவேணும். தூக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தனுக்கு விருப்பம் இருந்தாலும் மற்றவன் வரமாட்டான்."

ஆஸ்பத்திரியில் ஒரு புது மேற்பார்வையாளன், விசாரிக்காமல் அவரை நோயாளர் பகுதியிலிருந்து கீழே துணி வெளுக்கிற இடத்துக்கு மாற்றினான். வேலை முடிந்தபிறகு அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்து, அவனுடைய கதவுக்கு எதிரே தினமும் இருந்தார். அவன் வேறு கதவால் போகப் பார்த்தான். அடுத்த நாள் வாளி அந்தக் கதவடியில் இருந்தது. கடைசியில் அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பினான். "பாவம் அந்தப் பொடியன்," என்றார் அக்கா. "கக்கூசுக்குப் போறதுக்கும் என்னைத் தாண்டித்தான் போனவன்."

இது எப்போதும் சிரிக்கிற விசயமாக இருக்கவில்லை. நான் என் அம்மாவோடு கதைப்பதை நிறுத்தியிருந்த காலம் ஒன்று இருந்தது. காரணம் என்னுடையது. அதை வாய்தவறி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை என் அறைக்கு வந்து என் கட்டிலில் இருந்தார். நான் வேலைக்குப் போய் வந்தேன். அதே இடத்தில் இருந்தார். "கதைச்சிட்டியோ?" என்றார். நான் கத்தினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஆத்திரத்தில்தான் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா அழுதா. அதற்கு அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதன்பிறகு ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இருந்து பார்த்தும் நடக்காத காரியம் என்று அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

அவருடைய அப்பா ஊரில் உப்பளத் தொழிலாளி. அக்காவின் அகதி வழக்கு இங்கே முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். போனால் திரும்பி வரமுடியாது என்பதால் அக்கா போகவில்லை. இருந்த ஒரே தம்பியும் அதற்கு முன்னரே சண்டையில் போய்விட்டான். அயல்வீட்டுப் பொடியன் ஒருவன் கொள்ளி வைத்தான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆடி அமாவாசை அன்று அப்பா இல்லாத ஆண்கள் கோயில் மண்டபத்தில் வரிசையாக இருந்து, ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். ஒரு வருசம் அக்காவும் போய் அந்த வரிசையில் இருந்தார். ஐயர் தர்ப்பைப் புல்லைக் கொடுத்துக்கொண்டு வந்தவர் நின்றார்.

"அம்மா, ஆம்பிளைச் சகோதரம் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை ஐயா."

"பெறாமக்கள், மருமக்கள்?"

"நான் இருக்கிறன்."

"இது ஆம்பிளையள் செய்யிற காரியம். உங்கடை பேரிலை ஒரு அர்ச்சனை செய்துவிடுறன்."

"அர்ச்சனை எனக்கெல்லோ ஐயா. தண்ணி அப்பாவுக்கு."

ஐயர் அக்காவின் இடப்பக்கத்தில் இருந்தவருக்குத் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, அடுத்ததை வலப்பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அக்காவின் கை விரித்தபடியே கிடந்தது. எல்லோரும் எழும்பிச் சாப்பிடப் போனார்கள். மண்டபம் கழுவ வந்தவர், "அக்கா, காலை ஒருக்காத் தூக்குங்கோ," என்றார். அப்போதுதான் எழும்பினாராம். அந்த இடத்தில் மட்டும் அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

"இனி ஒருத்தரையும் கேக்கிறதில்லை," என்றார். "நானே செய்வன். ஆனால் உப்புத்தண்ணி வேணும். சீவியம் முழுக்க உப்புக்குள்ளை நிண்ட மனுசன். இந்த ஆத்துத் தண்ணியிலை விட்டால் திரும்பியும் பாரார்."

அடுத்த கோடையில்தான் எனக்குக் கோல்ஃப் மைதானம் இருந்த அந்த ஊரில் வேலை கிடைத்தது. மொன்றியலைத் தாண்டி ஆறு வடகிழக்காக ஓடி, அகன்று அகன்று, மறுகரை தெரியாமல் போகிற இடத்தில் இருக்கிற பழைய ஊர். கப்பலில் வந்து கோடையைக் கழித்த பணக்காரர் கட்டிய மரவீடுகள், நீள நீள விறாந்தைகள், கோடையில் மட்டும் திறக்கிற ஒரு சின்னத் தேவாலயம். ஊரைச் சுற்றிக் கோல்ஃப் மைதானங்கள். நாய்கூடக் குரைக்காது. நான் ஒரு ஹோட்டலின் குசினியில் இருந்தேன். அதன் கோல்ஃப் மைதானம் கடற்கரைவரை போகும்.

அக்கா தொலைபேசியில் விசாரித்தார்.

"அங்கை கடலோ, ஆறோ?"

"பாத்தால் கடல்தான் அக்கா."

"பாத்தால் எண்டு சொல்லாதை. போய் நக்கிப் பார்."

மத்தியான ஓய்வில் போய் விரலைத் தோய்த்து நக்கிப் பார்த்தேன். உப்பு என்றேன். எவ்வளவு உப்பு என்றார். கறிக்கு விட்டால் கூடிப்போகும் என்றேன்.

"அப்ப வாறன்."

அமாவாசையன்று காலை பஸ்ஸில் வந்து பெற்றோல் செட்டில் இறங்கினார். முதல்நாளிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. காரியம் முடித்துத்தான் சாப்பாடு. நான் மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடுவேன் என்று குசினியில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மைதானத்தின் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். புல்லில் ஒரு வெள்ளைப் பந்து கிடந்தது. நான் பார்க்கமுன் அக்கா அதை எடுத்துச் சேலையில் துடைத்து, தூரத்தில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு வந்த கிழவரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "விழுத்திப்போட்டுப் போட்டார், பாவம்," என்றார் என்னிடம். கிழவரின் முகம் சிவந்துபோனது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார். எந்த இடம் என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

மணல்மேட்டில் ஏறிப் பார்த்தபோது கடல் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் கல்லும் பாசியும். படகுகள் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தன. வெகுதூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு தெரிந்தது, அதுதான் கடலாக இருக்கவேண்டும்.

"கடல் எங்கையடா?"

"நேற்று இஞ்சைதானக்கா நிண்டது."

"நிண்டதோ? அதென்ன மாடே, ஆரும் அவிழ்த்துக்கொண்டு போக?"

எங்கள் ஊர்க் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கடலுக்குப் போகிறவர்கள் காற்றைக் கேட்பார்கள், மழையைக் கேட்பார்கள். கடல் வீட்டில் நிற்குமா என்று கேட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நான் அங்கே போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை. மத்தியானத்தில் வெளியே வரும்போதெல்லாம் தண்ணீர் நின்றது. எப்போதும் நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

புல் வெட்டுகிற இயந்திரத்தில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். பின்னேரம்தான் திரும்பி வரும் என்றார். அமாவாசையிலும் பறுவத்திலும்தான் இப்படித் தூரமாகப் போகும், அன்றைக்குத்தான் கூட ஏறியும் வரும் என்றார்.

நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் அந்த வெள்ளிக்கோட்டைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்கு முன்னம் செய்யவேணும் எண்டுதான் சொல்லுவினம். பரவாயில்லை. அமாவாசை பின்னேரமும் நிக்குது எண்டு கலண்டரிலை கிடக்கு. நானும் இருக்கிறன்." மணலில் பொலித்தீன் பையை விரித்து இருந்தார்.

பந்துக்காரக் கிழவர் முறைப்பாடு செய்திருக்கவேண்டும். ஹோட்டல் முகாமையாளன் வந்தான். என்னைவிட வயது குறைந்தவன், மண்ணிறச் சப்பாத்து பளபளவென்று இருந்தது. இந்தக் கடற்கரை விருந்தினர்களுக்கு மட்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஜாத்தாந்," என்றார் அக்கா.

"எதற்குக் காத்திருக்கிறா?" என்று என்னிடம் கேட்டான்.

"கடலுக்கு," என்றேன்.

அவன் திரும்பிக் கடல் இருந்த பக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னை உற்றுப் பார்த்தான். "நீ குசினியில் வேலை செய்கிறவன்தானே? ஒன்று இவவைக் கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் உன் பையை எடுத்துக்கொண்டு போ."

புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை விட்டு இறங்காமல், ஒருவரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல ஏதோ சொன்னார். அக்கா என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார். "அவர் என்னவாம்?"

"அந்தப் பாசிக் கோடு தெரியுதெல்லோ, தண்ணி வந்து நிக்கிற இடம். அதுக்கு மேலைதான் ஹோட்டலின்ரை காணியாம். அதுக்குக் கீழை இவையளின்ரை இல்லையாம்."

அக்கா எழும்பினார். காரியம் முடியாமல் அவர் தானாக எழும்பியதை அன்றுதான் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பாசிக்கோட்டைத் தாண்டி, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து, ஒரு தட்டைக் கல்லாகப் பார்த்து இருந்தார். அங்கிருந்து திரும்பிக் கத்தினார்: "இப்ப நான் கடலுக்குள்ளை இருக்கிறன். கதைக்கிறதெண்டால் இஞ்சை வந்து கதைக்கச் சொல்லு!"

முகாமையாளன் ஒரு அடி வைத்தான். பளபளத்த சப்பாத்து கணுக்கால்வரை இறங்கியது. அதை இழுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அக்கா. "போய் வேலையைப் பார்."

"வேலை போட்டுது."

"போட்டுதோ, விட்டிட்டியோ?"

"ரெண்டும்."

கொஞ்சம் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார்.

வெயில் ஏறியது. விறாந்தையில் இருந்தவர்கள் தூரக்கண்ணாடியால் எங்களைப் பார்த்தார்கள். அக்காவின் உதடு வெடித்திருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது. கல்லிடுக்குகளில் விட்டுப்போன தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "அக்கா, இதுவும் உப்புத்தான். இதிலை செய்துபோட்டுச் சாப்பிடுங்கோ," என்றேன்.

"தேங்கின தண்ணியோ? அப்பா என்ன, முட்டை போட வாற நுளம்பே?"

கடல் அலையடித்துக்கொண்டு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்களுக்கு இடையில் ஒரு மினுக்கம் தெரிந்தது. பிறகு எங்களுக்குப் பின்னாலும் தண்ணீர் ஓடியது. சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கல்லைச் சுற்றித் தண்ணீர் வந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கமாக அடுத்த கல்லுக்குப் போனோம், அதற்குப் பிறகு இன்னொரு கல்லுக்கு. முகாமையாளன் வேறு சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து, பாசிக்கோட்டுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த சேறு குறைந்துகொண்டே வந்தது. கடலே எங்களைத் தள்ளிக்கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கும் என்று நின்றான்.

அக்கா கடைசிக் கல்லில் பையை என்னிடம் தந்துவிட்டு, மறுபக்கமாகக் கடலுக்குள் இறங்கினார்.

ஆடி மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைப் பிடிக்கிற குளிர். முழங்கால், தொடை, இடுப்பு என்று போய் நின்றார். தர்ப்பை வாங்க அவர் ஐயரிடம் போகவில்லை. மணல்மேட்டில் பிடுங்கிய நீளப் புல்லை முறுக்கி விரலில் மாட்டியிருந்தார். சின்னக் குப்பியிலிருந்து எள்ளைக் கையில் கொட்டிக் கடலை அள்ளினார்.

"அப்பா. நான்தான். மந்திரம் தெரியாது. உப்புத்தண்ணி. இந்தாங்கோ."

விரல்களுக்கு மேலால் தண்ணீர் வழிந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னார். திரும்ப அள்ளி அப்பாவின் அப்பாவின் பெயரைச் சொன்னார். மூன்றாம் முறை அள்ளிவிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் கையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"அதுக்கு மேலை எனக்கு ஆரையும் தெரியாதப்பா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கு நீங்களே குடுங்கோ."

கையிலிருந்ததை விட்டார். பிறகு குனிந்து தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு திரும்பினார். கடல் பாசிக்கோடுவரை ஏறிவிட்டது. வெளியே வர ஹோட்டலின் மணலைத் தவிர வேறு வழி இல்லை. அக்கா நேரே முகாமையாளனை நோக்கி நடந்தார். நடையைக் குறைக்கவில்லை, விலகவும் இல்லை. கடைசி நேரத்தில் அவன் விலகினான்.

"மெர்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெற்றோல் செட்டின் பின்பக்கத்தில் கிடந்த மர வாங்கில் குந்தி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய்க் கறி வைக்கவேண்டும். அது கிடைக்காமல் பாகற்காய் வைத்திருந்தார். முதல் கவளத்தைக் காகத்துக்கென்று மதிலில் வைத்தார். ஒரு கடற்பறவை வந்து ஒரே கொத்தில் விழுங்கிவிட்டு, இன்னும் கேட்டுக் கத்தியது.

"வெள்ளைக்காரக் காகம்," என்றார் அக்கா. இன்னொரு கவளம் வைத்தார். பிறகு எனக்குத் தந்தார். கடைசியில் தான் சாப்பிட்டார். இரண்டு பேருக்கு வேண்டியதைத் தனியாகச் சாப்பிட்டார். பஸ்ஸில் ஏறியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், என் தோள் முழுக்க எச்சில்.

அக்கா இப்போது மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள லவாலில் யாரோ தெரிந்தவர்களோடு இருக்கிறார் என்று கேள்வி. நான் அதற்குள் வேறு வேறு ஊருக்கு மாறிவிட்டேன்.

கடலுக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை, மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன்களை இறக்குகிற ஒரு பண்டகசாலைக்குப் போனேன். ஹெயிட்டிக்காரர் ஒருவர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். போன வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார். அதே கேள்விக்கு நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்.

"செத்தவீடு," என்றேன்.

"யார்?"

"அக்காவின் அப்பா."

"எப்போது இறந்தார்?"

"கனகாலம்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "கனகாலத்துக்கு முன் இறந்தவருக்கு நேற்று ஏன் வேலையை விட்டாய்?"

"நேற்றுத்தான் கடல் வந்தது," என்றேன்.

அவர் ஒரு சோடிக் கையுறையை மேசைக்கு மேலால் தள்ளினார். மூன்றாம் வாசலில் கொள்கலனைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே கூரைவரை தரை ஓட்டுப் பெட்டிகள். நான் முதலாவதை இறக்கினேன்.